செயற்கைக்கோள் இருக்கும்போது குளிர்காலப் புயலுக்கு மேலே விமானம் எதற்கு?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் சூறாவளிக்குள் நுழைந்து பறக்கும் விமானங்களைக் குளிர்காலத்தில் பசிபிக் கடலுக்கு மேலே அனுப்புகிறார்களாமே? வானத்தில் இத்தனை செயற்கைக்கோள்கள் சுற்றும்போது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் கருவிகளைக் கடலில் போட்டுவிட்டு வர வேண்டிய தேவை என்ன? அதனால் முன்னறிவிப்பு உண்மையிலேயே மேம்படுகிறதா?"

மேம்படுகிறது. ஆனால் எங்கே பறந்தாலும், என்றைக்குப் பறந்தாலும் மேம்படும் என்று நினைக்கக் கூடாது. வளிமண்டலத்தைக் கணக்குப் போட்டு வானிலையைக் கணிக்கும் கணினி நிரலுக்கு "மாதிரி" என்று பெயர். கொண்டுவந்த அளவீட்டை அந்த மாதிரி எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதும் முக்கியம். ஒரு காலத்தில், இந்தப் பறப்புகளால் பெரிய லாபம் இல்லை என்று கணக்குப் போட்டே காட்டினார்கள். அப்புறம் வேறு இலக்கோடு மறுபடி தொடங்கினார்கள். அந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்கள் கேள்விக்கு நேர்மையான பதிலாக இருக்கும்.

எந்த முன்னறிவிப்பும் "இந்த நிமிடம் வளிமண்டலம் எப்படி இருக்கிறது" என்ற படத்திலிருந்துதான் கிளம்புகிறது. அந்தத் தொடக்கப் படத்தில் பிழை இருந்தால், மாதிரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிழை வளர்ந்துகொண்டே போகும். நிலத்தில் இந்தப் படத்தை எடுக்கப் பலூன்கள் இருக்கின்றன. சென்னை மீனம்பாக்கத்தில் காலை 5.30, மாலை 5.30 மணியை ஒட்டி ஒரு பலூன் மேலே போகும். அதில் கட்டிய சிறிய கருவி, வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம், காற்று எல்லாவற்றையும் அளந்து அனுப்பிக்கொண்டே ஏறும். உலக நேரப்படி அது 0 மணி, 12 மணி. உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் இதே நேரத்தில் பலூன்கள் ஏறுகின்றன.

கடலில் யார் பலூன் விடுவது? உலகப் படத்தை விரித்து ஜப்பானுக்கும் கலிபோர்னியாவுக்கும் நடுவே பாருங்கள். ஹவாய் மாதிரி சில தீவுகள், மற்றபடி வெறும் தண்ணீர். முன்பு இந்த வேலைக்கென்றே வானிலைக் கப்பல்கள் நின்றன. அலாஸ்கா வளைகுடாப் பக்கம், வடக்கு 50 பாகை, மேற்கு 145 பாகையில் "பாப்பா நிலையம்" என்று ஓர் இடம் உண்டு. 1981 வரை அங்கே கப்பல் நின்று வானிலையை அளந்துகொண்டிருந்தது. கப்பல்கள் செலவு பிடித்தவை. செயற்கைக்கோள்கள் வரவரக் கப்பல்கள் ஒவ்வொன்றாக விலகின. பெரும்பாலான வேலையைச் செயற்கைக்கோள்கள் நன்றாகவே செய்கின்றன. இன்றைய முன்னறிவிப்பின் தரத்துக்கு அவைதான் முதல் காரணம். அவற்றைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

ஆனால் அவற்றுக்குத் தெரியாத இடங்கள் சில இருக்கின்றன. அவை எங்கே இருக்கின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. செய்திகளில் காட்டும் படம் மேகத்தின் மேல்தலையை மட்டுமே காட்டும். அகச்சிவப்புக் கதிரை அளக்கும் கருவிகள் மேகம் இல்லாத இடத்தில் வெப்பநிலையையும் ஈரத்தையும் நன்றாகச் சொல்லும். அடர்ந்த மேகம் வந்தால் அதற்குக் கீழே அவற்றுக்குத் தெரியாது. நுண்ணலைக் கருவிகள் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். பலத்த மழையில் அவையும் தடுமாறும். எந்த உயரத்தில் எவ்வளவு ஈரம் என்று மெல்லிய அடுக்கு அடுக்காகப் பிரித்துச் சொல்ல அவற்றால் முடியாது. மேகங்கள் நகர்வதை வைத்துக் காற்றைக் கணக்கிடலாம், ஆனால் கண்ணுக்குத் தெரியும் மேகத்தின் உயரத்தில் மட்டும். கடல்மட்ட அழுத்தத்தையோ எந்தச் செயற்கைக்கோளும் நேராக அளப்பதில்லை. ஆக, தெளிந்த வானத்தில் நமக்கு நிறையத் தெரியும். புயல் உருண்டு திரளும் இடத்தில், அதுவும் கடலை ஒட்டிய முதல் மூன்று கிலோமீட்டரில், குறைவாகத் தெரியும்.

அமெரிக்க மேற்குக் கரையின் குளிர்கால மழைக்கு அந்த முதல் மூன்று கிலோமீட்டர்தான் உயிர். வெப்பமண்டலப் பக்கத்திலிருந்தும் நடுப் பசிபிக்கிலிருந்தும் நீராவியை அள்ளிக்கொண்டு, நீளமான ஒடுங்கிய பட்டையாக ஓடிவரும் காற்றோட்டத்துக்கு "வளிமண்டல ஆறு" என்று பெயர். 1990களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த யோங் ஜூ, ரெஜினால்ட் நியூவெல் இருவரும் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அகலம் 400 முதல் 600 கிலோமீட்டர், நீளம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். பலமான ஓர் ஆறு, மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் சராசரியாகக் கொண்டுவரும் தண்ணீரைப்போல் ஏழரை முதல் பதினைந்து மடங்கு வரை நீராவியாகச் சுமந்து வரும். தண்ணீர் எல்லாம் ஆவியாக இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் மோதி மேலே ஏறும்போதுதான் மழையாகவும் பனியாகவும் கொட்டுகிறது.

மேற்குக் கரை மாநிலங்களின் ஆண்டு மழை, பனியில் 30 முதல் 50 சதவீதம் வரை, ஆண்டுக்குச் சில முறை மட்டும் வரும் இந்த ஆறுகள் கொடுப்பதுதான். வந்தால் வெள்ளம், வராவிட்டால் வறட்சி. 2017 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் ஓரோவில் அணையின் உபரிநீர்க் கால்வாய் உடைந்து 1,88,000 பேர் வரை வீட்டைவிட்டு வெளியேற வேண்டி வந்ததற்குப் பின்னாலும் இந்த ஆறுகள்தான் இருந்தன. 2022 டிசம்பர் கடைசியில் தொடங்கி மூன்று வாரத்துக்குள் ஒன்பது ஆறுகள் அடுத்தடுத்துக் கலிபோர்னியாவைத் தாக்கின. இப்படிப்பட்ட மழையைக் கணிக்கும்போது "மழை வருமா" என்பது பெரும்பாலும் பிரச்சினை இல்லை. எந்த ஆற்றுப் படுகையில் கொட்டும், எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதுதான் பிரச்சினை. பல நாள் முன்னதாகக் கணிக்கும்போது கரை தொடும் இடம் சில நூறு கிலோமீட்டர் தவறுவது சாதாரணம். அந்த வித்தியாசத்தில் ஓர் அணை நிரம்பும், இன்னோர் அணை காய்ந்தே கிடக்கும்.

சரி, விமானம் போய் என்ன செய்கிறது?

இரண்டு வகை விமானங்கள் போகின்றன. ஒன்று, அமெரிக்க விமானப்படையின் ரிசர்வ் பிரிவைச் சேர்ந்த 53ஆவது வானிலை வேவுப் படையின் டபிள்யூசி-130ஜே. மிசிசிப்பி மாநிலம் பிலாக்ஸியில் உள்ள கீஸ்லர் தளம்தான் அவர்களுடைய வீடு. கோடையில் சூறாவளிக்குள் நுழைந்து பறப்பவர்கள் இவர்கள்தான். குளிர்காலத்தில் ஹவாய்க்கும் மேற்குக் கரைக்கும் இடம் மாறுகிறார்கள். இரண்டு விமானி, ஒரு வழிகாட்டி, ஒரு வானிலை அதிகாரி, கருவிகளைக் கீழே விடும் ஒரு சுமைப் பொறுப்பாளர் என்று ஐந்து பேர் கொண்ட குழு. இன்னொன்று, நோவா என்று எல்லாரும் சொல்லும் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகத்தின் கல்ஃப்ஸ்ட்ரீம் 4 ஜெட். அது 45,000 அடி வரை ஏறும். சூறாவளிப் பறப்புக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே புயலின் கண்ணை ஊடுருவிப் போவார்கள். இங்கே புயலுக்கு மேலாகப் போய், ஆற்றை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் குறுக்காகத் திரும்பத் திரும்பக் கடப்பார்கள். பார்ப்பவருக்குச் சாகசமாகத் தெரியாது. எட்டு மணி நேரம், சில நேரம் அதற்கும் மேல், வரைந்த கோட்டில் நேராகப் பறந்து, குறித்த இடத்தில் குறித்த நேரத்தில் ஒரு கருவியை விட வேண்டும். பொறுமைதான் அங்கே வேலை.

அந்தக் கருவிக்கு டிராப்சோண்ட் என்று பெயர். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் ஓர் உருளை, எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. விமானத்தின் அடியில் உள்ள குழாய் வழியாக விட்டவுடன் சிறிய பாராசூட் விரியும். விழுந்துகொண்டே வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் மூன்றையும் ஒரு நொடிக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட முறை அளந்து விமானத்துக்கு அனுப்பும். காற்றை எப்படி அளக்கிறது? ஜிபிஎஸ் மூலம் தன் நகர்வைத் தானே கணக்கிடுகிறது. காற்று அதை எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் தள்ளுகிறதோ அதுவே காற்றின் அளவு. பத்துப் பதினைந்து நிமிடத்தில் கடலைத் தொடும், அத்தோடு அதன் வேலை முடிந்தது. திரும்ப எடுப்பதில்லை. மீனம்பாக்கத்துப் பலூன் கீழிருந்து மேலே போய்ச் செய்வதையே இது மேலிருந்து கீழே விழுந்து செய்கிறது. ஒரு பறப்பில் இருபத்தைந்து, முப்பது கருவிகள் வரை விடுவார்கள். பலூன் நிலையமே இல்லாத கடலில், ஒரே மாலையில் முப்பது பலூன் நிலையங்கள் முளைத்த மாதிரி.

இந்த அளவீடுகள் விமானத்திலிருந்தே செயற்கைக்கோள் வழியாகத் தரைக்கு வந்து, உலக வானிலைத் துறைகள் பகிர்ந்துகொள்ளும் வலையமைப்பில் சேர்ந்துவிடுகின்றன. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்ற மாதிரி, ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் மாதிரி இரண்டுமே எடுத்துக்கொள்கின்றன. உங்கள் கைப்பேசிச் செயலி காட்டும் பத்து நாள் வானிலை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றிலிருந்து வருகிறது. உலக நேரம் 0 மணிப் படத்திலிருந்து தொடங்கும் மாதிரி ஓட்டத்துக்குள் அளவீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் பறப்பின் நடுப்பகுதி அந்த நேரத்தை ஒட்டி அமையும்படி திட்டமிடுகிறார்கள்.

இப்போது கடினமான பகுதி: எங்கே பறப்பது? பசிபிக் அவ்வளவு பெரியது, கருவிகளோ முப்பது.

காவிரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். தலைமடையில் ஒரு மதகு சற்றுக் கூடுதலாகத் திறந்திருந்தால் அன்றைக்கே கடைமடையில் எதுவும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அங்கே தெரியும். வளிமண்டலத்திலும் பிழை அப்படித்தான் ஓடுகிறது. நடு அட்சரேகைகளில் மேலடுக்குக் காற்றலைகள் மேற்கிலிருந்து கிழக்காகப் போகின்றன. அவற்றின் மீது ஏறிக்கொண்டு தொடக்கப் படத்தின் பிழையும் ஒரு நாளில் ஏறக்குறைய 30 பாகை தீர்க்கரேகை நகர்கிறது. அதனால் வியாழக்கிழமை கிழக்குக் கரையில் விழப்போகும் பனியின் பிழை, திங்கட்கிழமை பசிபிக்கில் இருந்திருக்கலாம். 2000 ஜனவரி 24, 25 தேதிகளில் வட கரோலினாவின் ராலீ நகரில் 20 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டியது, அந்த ஊருக்கு அது சாதனை அளவு. முந்தைய நாள்வரை மாதிரிகள் அதைச் சரியாகச் சொல்லவில்லை. கடைமடையில் நின்று மழையை எண்ணிக்கொண்டிருந்தால் போதாது, தலைமடைக்குப் போக வேண்டும் என்று அப்போது முன்னறிவிப்பில் வேலை செய்த பலருக்கும் தோன்றியதற்கு இப்படிப்பட்ட தவறுகள்தான் காரணம்.

தலைமடை எது என்று கண்டுபிடிக்க இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, மாதிரியைப் பின்னோக்கி ஓட்டுவது. "மூன்று நாள் கழித்து இந்த இடத்து மழை மாற வேண்டுமானால், இன்றைக்கு எந்த இடத்தில் எதை மாற்றினால் அதிகம் மாறும்?" என்று கேட்பது. இன்னொன்று, சிறுசிறு மாற்றங்களோடு ஒரே முன்னறிவிப்பைப் பல முறை ஓட்டிப் பார்ப்பது. அந்த ஓட்டங்கள் எந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் பிரிகின்றனவோ, அங்கேதான் நமக்குத் தெரியாதது ஒளிந்திருக்கிறது.

1997 ஜனவரி, பிப்ரவரியில் வட அட்லாண்டிக்கில் நடந்த ஃபாஸ்டெக்ஸ் என்ற பெரிய கள ஆய்வில் இந்த யோசனையை முதன்முதலாகப் பறந்து சோதித்தார்கள். அயர்லாந்தின் ஷானன் அதன் முக்கியத் தளங்களில் ஒன்று. அடுத்த ஆண்டு வட பசிபிக்கில் நார்பெக்ஸ். 1999இல் நோவா தனிக் குளிர்காலப் புயல் வேவுத் திட்டமே தொடங்கியது, 2001 முதல் அது வழக்கமான பணியாக நடந்தது. ஆரம்ப முடிவுகள் ஊக்கம் தந்தன. இலக்கு வைத்துப் பறந்த நேரங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் முன்னறிவிப்பு மேம்பட்டிருந்தது.

அதை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்பீர்கள். முறை எளிது. ஒரே நாளுக்கு ஒரே மாதிரியை இரண்டு தடவை ஓட்டுவார்கள். ஒன்றில் விமான அளவீடு இருக்கும், மற்றதில் அதை மட்டும் எடுத்துவிடுவார்கள். பின்னால் உண்மையில் நடந்த வானிலையோடு இரண்டையும் ஒப்பிடுவார்கள். இப்படிச் செய்யும்போது சில நாட்களில் அளவீடு சேர்த்த ஓட்டமே மோசமாக வரும். அதைப் பார்த்துப் பலர் அதிர்ச்சி அடைகிறார்கள், ஆனால் அது இயல்பு. மாதிரியிலேயே இருக்கும் பிழையும், ஓர் இடத்து அளவீட்டைச் சுற்றுப்புறத்துக்கு எப்படிப் பரப்புவது என்ற கணக்கின் பிழையும் சேர்ந்தால், நல்ல தகவல்கூடத் தவறான இடத்தில் போய் உட்காரும். அதனால் ஒரு நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, நிறைய நாட்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படிச் சேர்த்துப் பார்த்துத்தான் 2013இல் நோவா ஆய்வாளர் டாம் ஹாமிலும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2011 குளிர்காலத்தின் பறப்புகளை எடுத்து, ஐரோப்பிய மையத்தின் மாதிரியில் சேர்த்தும் நீக்கியும் ஓட்டினார்கள். வட அமெரிக்கா மீதான முன்னறிவிப்பில் குறிப்பிட்டுச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அந்த முடிவு இந்தத் துறைக்குப் பெரிய நன்மை செய்தது என்று நினைக்கிறேன். விமானம், எரிபொருள், ஆட்களின் உழைப்பு எல்லாம் செலவழித்த ஒரு திட்டத்தைத் தராசில் வைத்து, இருந்ததை இருந்தபடியே எழுதினார்கள். 1990களின் கடைசியில் கிடைத்த பலன் 2011இல் ஏன் கிடைக்கவில்லை? இடைப்பட்ட காலத்தில் செயற்கைக்கோள் அளவீடும் மாதிரிகளும் வெகுவாக முன்னேறிவிட்டன, முன்பு இருந்த இடைவெளிகள் பல அடைந்துவிட்டன. எங்கேயோ ஒரு நாள் போய் இருபது கருவிகளைப் பரவலாகத் தூவிவிட்டு வந்தால், ஏற்கெனவே நன்றாக இருக்கும் படத்தில் பெரிய மாற்றம் வராது. அந்தத் திட்டம் அதன்பின் ஓய்ந்தது.

2016இல் தொடங்கிய வளிமண்டல ஆறு வேவுத் திட்டம் கேள்வியையே மாற்றியது. சான் டியேகோவில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் மையம் ஒன்றை நடத்தும் மார்ட்டின் ரால்ஃப் இதை முன்னின்று தொடங்கினார். நோவாவின் மாதிரிப் பிரிவிலிருந்து விஜய் தல்லாப்ரகடா கூட்டுத் தலைமை ஏற்றார். 1998 முதலே கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் கடலை ஒட்டி ஓடும் பலத்த காற்றை விமானத்தில் போய் அளந்தவர் ரால்ஃப். ஆகவே எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குக் கையில் ஓர் அனுபவம் இருந்தது. புதிய திட்டத்தில், ஏதோ ஒரு புயலால் நாட்டின் ஏதோ ஒரு மூலையில் வரும் விளைவு என்று பரவலாக யோசிக்கவில்லை. ஆற்றையே இலக்காக எடுத்தார்கள்: மேற்குக் கரை, ஒன்று முதல் ஐந்து நாள், எவ்வளவு மழை, எந்தப் படுகை.

அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் ஈரத்தையும் கணக்கில் எடுத்து மாதிரியைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தபோது, மழை முன்னறிவிப்பு மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டிய இடம் ஆற்றின் உட்பகுதியும் அதன் ஓரங்களும்தான். அங்கே நீராவி அளவில் சிறிய பிழை இருந்தாலும் கரையில் பெரிய பிழையாகிறது. செயற்கைக்கோளுக்கு மேகம் மறைக்கும் இடமும் அதேதான். தெரியாத இடமும் முக்கியமான இடமும் ஒன்றாக அமைந்தால் விமானம் அனுப்புவதற்கு அர்த்தம் இருக்கிறது. உங்கள் முதல் கேள்விக்கு நான் தரும் பதிலின் மையம் இதுதான்.

இன்னொரு மாற்றம், தொடர்ந்து பறப்பது. ஒரு நாள் மட்டும் போய்த் திருத்தினால், மாதிரி அடுத்த ஆறு மணி நேரத்தில் தன் பழைய பிழையை மறுபடி பரப்பிக்கொள்ளும். அடுத்தடுத்த நாட்களில் போனால், நேற்று திருத்திய படத்தின் மேல் இன்றைய திருத்தம் ஏறும். 2021 ஜனவரி கடைசி வாரத்தில் நடுக் கலிபோர்னியாக் கரையை நோக்கி வந்த ஓர் ஆற்றை இப்படித்தான் நாள் தவறாமல் பின்தொடர்ந்தார்கள். முந்தைய ஆண்டு டோலன் காட்டுத்தீயில் எரிந்த மலைச்சரிவில் அந்த மழை விழுந்து, பிக் சர் பகுதியில் ராட் கிரீக் என்ற இடத்தில் நெடுஞ்சாலை 1இன் ஒரு துண்டை அப்படியே கடலுக்குள் தள்ளியது. படத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பலன்? கடற்படை மாதிரியை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், தனித்தனி அளவீடாகப் பார்த்தால் இந்த டிராப்சோண்ட்களின் பங்களிப்பு வட அமெரிக்கப் பலூன் அளவீடுகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் எடுத்த அளவீட்டுக்கு மதிப்பு அதிகம் என்பதுதான் இதன் பொருள். மாதிரிக்கு மாதிரி பலன் வேறுபடுகிறது. மேற்குக் கரை மழையில் முன்னேற்றம் தெரிகிறது, ஒவ்வொரு புயலிலும் அல்ல. பறப்புக் காலம் முதலில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை இருந்தது. இப்போது நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை நீண்டிருக்கிறது.

டிராப்சோண்ட் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஒன்றை விட்டுவிடுவோம், அது எனக்கு வருத்தமாக இருக்கும். ஸ்கிரிப்ஸ் குழு மிதவைகளையும் விமானத்திலிருந்து இறக்குகிறது. அவை கடலோடு மிதந்து போய்க்கொண்டே மாதக்கணக்கில் காற்றழுத்தத்தை அளந்து அனுப்பும். கடல்மட்ட அழுத்தத்தை எந்தச் செயற்கைக்கோளும் நேராக அளப்பதில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தக் குறையை இந்த மிதவைகள் தீர்க்கின்றன. டிராப்சோண்ட் கால் மணி நேரம் வாழ்கிறது, மிதவை பருவம் முழுக்க வேலை செய்கிறது. பத்திரிகைகளில் விமானத்தின் படம்தான் வருகிறது, மிதவையின் படம் வருவதே இல்லை. இதோடு, விமானத்தின் பக்கவாட்டில் அடிவானத்தை உரசி வரும் ஜிபிஎஸ் அலைகள் எவ்வளவு வளைகின்றன என்று அளந்து, போகாத இடத்தின் வெப்பத்தையும் ஈரத்தையும் கணக்கிடும் முறையும் கூடவே நடக்கிறது.

மேம்பட்ட முன்னறிவிப்பை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதற்கு மெண்டசீனோ ஏரியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வடக்குக் கலிபோர்னியாவில் ரஷ்யன் ஆற்றின் கிளையில், 1950களின் கடைசியில் கட்டிய அணை. குளிர்காலத்தில் வெள்ளத்துக்கு இடம் விட்டு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வந்த தண்ணீரைத் திறந்துவிட வேண்டும் என்பது பழைய விதி. வானம் வெறிச்சோடிக் கிடந்தாலும் திறந்தே ஆக வேண்டும். 2012 டிசம்பரில் ஒரு வளிமண்டல ஆறு ஏரியை நிரப்பியது. விதிப்படி தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். 2013 கடும் வறட்சி ஆண்டாக அமைந்தது. போன தண்ணீர் போனதுதான். மேட்டூர் நிரம்பியதும் உபரிநீர் கடலுக்குப் போவதைப் பார்த்து வயிறு எரிந்தவர்களுக்கு இந்த வலி புரியும். அதன்பின், அடுத்த சில நாட்களில் பெரிய வளிமண்டல ஆறு எதுவும் வரவில்லை என்று முன்னறிவிப்பு உறுதியாகச் சொன்னால் தண்ணீரைத் தேக்கிவைக்கலாம், வருகிறது என்றால் முன்கூட்டியே திறந்துவிடலாம் என்ற முறையைச் சோதித்தார்கள். 2020 நீராண்டில் (2019 அக்டோபர் முதல் 2020 செப்டம்பர் வரை) மட்டும் இந்த முறையால் 19 சதவீதம் கூடுதல் தண்ணீர் மிஞ்சியது. நம் கணக்கில் கிட்டத்தட்ட அரை டிஎம்சி. புது அணை கட்டவில்லை, இருந்த அணையின் உயரத்தைக் கூட்டவும் இல்லை. இந்தப் பெருமை முழுவதும் விமானங்களுக்குச் சேராது, முன்னறிவிப்பின் ஒட்டுமொத்தத் தரத்துக்குச் சேரும். ஆனால் "ஐந்து நாளுக்கு ஆறு எதுவும் வராது" என்று அணைப் பொறியாளர் நம்பிக்கையோடு முடிவெடுக்க வேண்டுமானால், கடலுக்கு மேலே என்ன இருக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

கிழக்குக் கரைப் பனிப்புயல்களுக்கு மேலே பறப்பது வேறு ரகம், பலரும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். 53ஆவது படை அட்லாண்டிக்கிலும் வேவு பார்க்கிறது, அது மேலே சொன்ன வகைதான். நாசா 2020, 2022, 2023 குளிர்காலங்களில் நடத்திய இம்பாக்ட்ஸ் ஆய்வோ அடுத்த நாள் முன்னறிவிப்புக்கு அளவீடு தருவதற்காக நடந்தது அல்ல. பனிமேகத்துக்குள் ஏன் ஒடுங்கிய பட்டைகள் உருவாகின்றன, ஓர் ஊரில் முழங்கால் அளவு பனி விழும்போது அடுத்த ஊரில் ஏன் கணுக்கால் அளவுகூட இல்லை என்று புரிந்துகொள்ளத்தான். இஆர்-2 என்ற விமானம் 20 கிலோமீட்டர் உயரத்தில் மேகத்துக்கு மேலே ரேடாரோடு பறந்தது. அந்த உயரத்தில் விமானி விண்வெளி வீரர் மாதிரி அழுத்த உடை அணிந்திருக்க வேண்டும். அதே கோட்டில், அதே நேரத்தில், கீழே பி-3 விமானம் மேகத்துக்குள்ளேயே புகுந்து பனித்துகள்களின் வடிவத்தையும் அளவையும் பதிவு செய்தது. மேலே ரேடார் பார்த்ததும் உள்ளே கையால் தொட்டதும் ஒன்றுதானா என்று ஒப்பிடலாம். இப்படிக் கிடைக்கும் அறிவு மாதிரிக்குள் சமன்பாடாகப் போய்ச் சேரச் சில ஆண்டுகள் ஆகும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லின் மெக்மர்டி தலைமையில் நடந்த இந்த ஆய்வுக்கு முன், அந்தக் கரையின் பனிப்புயல்களை இவ்வளவு விரிவாகப் பறந்து ஆராய்ந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆளில்லா விமானத்தால் முடியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2011இல் நாசாவின் குளோபல் ஹாக் விமானத்தில் டிராப்சோண்ட் ஏற்றி, பசிபிக்கின் வளிமண்டல ஆறுகளுக்கு மேலே சோதித்துப் பார்த்தார்கள். ஒரு நாள் முழுக்க வானத்திலேயே இருக்க அதனால் முடிந்தது. ஆனாலும் இன்றைக்கு வழக்கமான பணியாக ஓடுவது ஐந்து பேர் கொண்ட குழுவின் நான்கு விசிறி விமானமும் நோவாவின் ஜெட்டும்தான்.

இதை நேரில் பார்க்க ஆசை இருந்தால், நவம்பருக்குப் பிறகு விமானங்களின் பாதையைக் காட்டும் இணையதளம் ஒன்றைத் திறந்து, ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் இடைப்பட்ட கடலைப் பாருங்கள். "டீல்" என்று தொடங்கும் அழைப்புப் பெயர் இருந்தால் அது 53ஆவது படை, "நோவா 49" என்றால் அந்த ஜெட். கலிபோர்னியாவில் மாலை நான்கு மணியாக இருக்கும்போது இங்கே விடியற்காலை ஐந்தரை. மீனம்பாக்கத்தில் பலூன் ஏறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், பசிபிக்கில் முப்பது கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருக்கும்.